முட்டைப்பந்தில் நான் செய்த இரண்டு மாற்றங்கள்

இதனை எழுதிவைக்க வேண்டிய கட்டாயம் எனக்கு நேர்ந்துவிட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டுத் திடலில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றி இன்று மலைமேல் மூன்று கதைகள் உலவுகின்றன. ஏற்காட்டின் ஒண்டிக்கடைச் சந்திப்பிலுள்ள தேநீர்க் கடையில் வழங்கும் கதைப்படி, நான் ஒலிபெருக்கியில் இலக்கண வகுப்பு நடத்தி, எங்கள் ஊர்ப் பெண்களை நின்றவாறே உறங்கச்செய்து தோற்கடித்தேன். வெள்ளக்கடைச் சிற்றூரில் வழங்குவதோ, நான் எதிரணித் தலைவிக்குத் தாய்மாமன் என்பது. என் வீட்டில் சொல்லப்படும் கதை இவ்விரண்டினும் கொடியது. ஏனெனில் அது ஏறத்தாழ உண்மை. உண்மையை முழுமையாகச் சொல்ல வல்லவன் குற்றவாளி ஒருவனே. ஆதலால் எழுதுகிறேன்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் சேலத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்து ஓய்வு பெற்றவன் நான். பிறமொழிச் சொல் ஒன்றைத் தவறியும் உச்சரித்துவிடலாகாது என்பது என் நோன்பு. (வீட்டில் இதற்கு 'நோவு' என்று பெயர்.) மகன் ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியின் மேலாளன். மருமகள் கோமதி இங்குள்ள பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. நானும் மனைவியும் அவர்களோடு மலையேறி வந்துவிட்டோம்.

கோமதி தம் பள்ளியில் பெண்களுக்கென ரக்பி அணி ஒன்றை உருவாக்கியிருந்தார். பக்கத்துக்கு எழுவர், ஏழு ஏழு நிமிடங்களாக இரண்டு பாதிகள். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடலாம். ஆனால் முன்னோக்கி எறியக் கூடாது. மாரமங்கலத்திலிருந்தும் வெள்ளக்கடையிலிருந்தும் வந்து படிக்கும் பெண்கள், காப்பித் தோட்டச் சரிவுகளில் ஏறி இறங்கிய கால்கள். ஓட்டத்தில் குறையே இல்லை. குறை ஒன்றுதான்: மூன்று ஆண்டுகளில் ஓர் ஆட்டத்தில்கூட அவர்கள் வென்றதில்லை.

ஒருநாள் உணவின்போது கோமதி தட்டைப் பார்த்தவாறே சொன்னார்.

"மாமா, தாளாளரம்மா இன்னைக்குக் கூப்புட்டாங்க. இந்த வருசம் ஒரு மேட்ச்சாச்சும் ஜெயிக்கோணுமாம். இல்லீன்னா டீமைக் கலைச்சிட்டு, அந்த நேரத்தை வேற கேமுக்குக் குடுத்துருவாங்களாம்."

"ஒன்றுதானே அம்மா? வென்றுவிடலாம்" என்றேன். என்னால் நேரவிருந்ததை அறியாத வாய் எவ்வளவு எளிதாகப் பேசிவிடுகிறது!

அவ்வாண்டு மண்டல அளவிலான பலவகை விளையாட்டுப் போட்டி ஏற்காட்டில் நடந்தது. கபடி, கைப்பந்து, ஓட்டம், நடுவே இந்த ரக்பி. வருணனைக்கென்று சேலத்திலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தனர். மலைக்காற்று பட்ட முதல் நாளே அவர் தொண்டை கட்டிக்கொண்டது. அமைப்பாளர் இருவர் எங்கள் வீட்டுக்கு வந்து, "ஐயாதான் கை குடுக்கோணுங்க" என்றனர். கோமதியின் முகம் வெளிறியதை நான் கண்டேன். அதை நெகிழ்ச்சி என்று கருதிக்கொண்டேன்.

"இசைகிறேன். ஆனால் ஒரு சொல்கூட ஆங்கிலம் வாராது" என்றேன்.

"வாரக் கூடாதுங்க, ஐயா. அதுதானே பெருமை" என்று சொல்லி அவர்கள் விரைந்து வெளியேறிவிட்டனர். (ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தவர்கள், நான் வடமொழியில் வருணிக்கிறேன் என்றாலும் தலையசைத்திருப்பார்கள்.)

மூன்று நாள் விதிநூலோடு அமர்ந்தேன். ஆட்டத்துக்கு 'எழுவர் முட்டைப்பந்து' என்று பெயரிட்டேன். முதன்மையான சொல் 'ட்ரை'. எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் அழுத்தினால் ஐந்து புள்ளி, அச்செயலுக்கே அப்பெயர். பழங்காலத்தில் அதற்குப் புள்ளியே கிடையாதாம். கம்பங்களுக்கிடையே உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு மட்டுமே கிட்டுமாம். வேரை அறிந்த களிப்பில், 'முயற்சி' என்று எழுதிக் கோமதியை அழைத்துப் படித்துக் காட்டினேன்.

"மாமா, அவ உழுந்து எந்திரிச்சு அஞ்சு பாயின்ட் எடுத்திருப்பா. நீங்க முயற்சின்னு சொன்னீங்கன்னா, பாவம், முடியல போலிருக்குதுன்னு நெனைப்பாங்க. ட்ரைங்கிறதை மட்டும் ட்ரைன்னே சொல்லிருங்க மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"வழங்க வழங்கப் பழகிவிடும்" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். பட்டியலின் அடுத்த சொல்லை நான் அவருக்குப் படித்துக் காட்டவேயில்லை. அந்த அடுத்த சொல்தான் இந்தக் கட்டுரை.

'ட்ரை' அடித்த அணிக்கு, கம்பங்களுக்கிடையே குறுக்குக் கட்டைக்கு மேலாகப் பந்தை உதைக்கும் வாய்ப்பு ஒன்று உண்டு. உதை வென்றால் மேலும் இரண்டு புள்ளி. ஆங்கிலத்தில் 'கன்வர்ஷன்' என்பர். நான் 'மாற்றம்' என்றேன். முயற்சி, மாற்றம்! இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆட்டக்காரரை வெளியே எடுத்து வேறொருவரை உள்ளே விடுவதற்குப் 'பெயர்ச்சி' என்று தனிச்சொல் வைத்திருந்தேன். அஃது எனக்கும் என் குறிப்பேட்டுக்கும் மட்டுமே தெரிந்த சொல்.

போட்டி நாள் வந்தது. முற்பகல் முழுதும் மின்சாரம் இல்லை; ஒலிபெருக்கி ஊமையாக இருந்தது. அந்த அமைதியில் எங்கள் பெண்கள் இரண்டு ஆட்டங்களில் தோற்றனர். எஞ்சியது ஒன்றே ஒன்று. அதிலும் தோற்றால் அணியே இல்லை. பிற்பகலில் மின்சாரம் வந்தது.

மேடையில் அமர்ந்ததும் குறிப்பேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். (குளிர்தான். சரி, அச்சமுந்தான்.) பரபரப்பில் 'ட்ரை' என்று கத்திவிடுவேனோ என்பதே என் கவலை, முப்பத்து மூன்றாண்டுக் காலம் நான் திருத்திய மாணவர்கள் எங்கேனும் கேட்டுக்கொண்டிருந்தால்? ஒலிபெருக்கிக்காரர் என் அருகே குனிந்தார்.

"ஐயா, ஒருக்கா ஹலோ சொல்லுங்க."

"ஒலி ஆய்வு. ஒலி ஆய்வு."

"ஹலோ சொன்னாத்தானுங்க சவுண்டு தெரியும்."

"வணக்கம்" என்றேன். திடலின் மூலையில் கட்டியிருந்த குதிரை ஒன்று கனைத்தது. ஒலி தெளிவாக இருப்பது உறுதியாயிற்று.

திடலின் அமைப்பை இங்கே சொல்லியாக வேண்டும். நான் நடுக்கோட்டருகே இருந்தேன். என் வலப்புறம் சாலைமுனை. அங்கேதான் புள்ளிப் பலகை. இடப்புறம் பள்ளத்தாக்குமுனை, அங்கிருந்துதான் மூடுபனி ஏறிவரும். பலகையில் எண் அட்டைகளை மாட்டுபவர் பழனிச்சாமி. ஒரு காப்பித் தோட்டத்தின் ரைட்டர், அதாவது ஆள்வரவும் வேலையும் பதிவு செய்பவர். கேட்டதை எழுதுவார், கேட்காததைச் செத்தாலும் எழுதார். ஆள் மாற்றும் பதிவுத் தாளும் அவர் பொறுப்பே. எங்கள் அணியின் இருக்கை பலகைக்கு அருகில். சமவெளியிலிருந்து வந்த எதிரணியின் இருக்கை பள்ளத்தாக்குப் பக்கம். பனியில் அவர்களுக்குப் பலகையே தெரியாது. அவர்களுடைய பயிற்சியாளர் தம் கணக்கைத் தாமே கையில் குறித்துக்கொண்டிருந்தார்.

தொடங்கிய இரண்டாம் நிமிடத்திலேயே சமவெளிப் பெண் ஒருத்தி பந்தோடு பனிக்குள் புகுந்து கோட்டைக் கடந்தாள்.

"சமவெளி அணியின் அரிய முயற்சி!" என்று முழங்கினேன்.

எங்கள் ஊர்க் கூட்டம் கைதட்டியது. "முயற்சிதான் பண்ணுனாங்க, உட்டுருவாங்களா நம்ம புள்ளைங்க!" என்று ஒருவர் துண்டைச் சுழற்றினார். பலகையில் சுழியம் அசையவில்லை. கோமதி பலகையை நோக்கி ஓடினார்.

"ரைட்டருங்க! முயற்சின்னா அஞ்சுங்க! அஞ்சு போடுங்க!"

"அவங்களுக்குங்களா?"

"ஆமாங்க, அவங்களுக்குத்தான்! போட்டுத் தொலைங்க!"

இந்தக் கூச்சலினிடையே பனிமுனையில் உதை நடந்தது. உதை வென்றதற்கு அடையாளமாகக் கொடி உயர்வதை நான் மங்கலாகக் கண்டு, "மாற்றம் நிறைவேறியது!" என்று அறிவித்தேன். புள்ளி இழந்த அணி அந்நேரம் நடுக்கோட்டருகே விரைந்து திரும்பிவிட வேண்டும் என்பது இவ்வாட்டத்தின் விதி. ஆகவே எங்கள் பெண்களில் ஒருவரும் அதைக் காணவில்லை.

பின்னர் எங்கள் தலைவி நந்தினி, மாரமங்கலத்துப் பெண், மூவரைச் சுழன்று கடந்து சாலைமுனையில் பந்தை அழுத்தினாள். உதையும் வென்றது. பழனிச்சாமியின் மூக்குக்கு நேரே நடந்ததால், ஆரவாரத்தில் என் அறிவிப்பு அமிழ்ந்துபோன போதும் அவரே ஏழு மாட்டிவிட்டார். அடுத்துச் சமவெளி அணி மறுபடியும் பனிக்குள் சென்றது. "முயற்சி!" பிறகு, "மாற்றம்!" அப்போது கோமதி ஒரு பெண்ணின் கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

இடைவேளை இரண்டே நிமிடம். பழனிச்சாமி தாளும் எழுதுகோலுமாக மேடையடிக்கு மூச்சிரைக்க வந்தார்.

"ஏனுங்க ஐயா, அந்தப் பொண்ணுங்க ரெண்டு மாத்தம் பண்ணுனாங்களே, நெம்பரைக் காணமுங்களே?"

"எண் எதற்கு? மாற்றம் நிறைவேறியது என்று நான் சொன்னேனல்லவா?"

"சொன்னீங்க. ரெண்டு தடவைங்க."

"இரண்டையும் பதிவு செய்துவிட்டீரா?"

"செஞ்சிட்டனுங்க. தாளுல இருக்குதுங்க."

"பிறகென்ன? ஓடுங்கள், ஆட்டம் தொடங்கப் போகிறது."

அவர் கேட்டது, புதிதாக உள்ளே வந்த ஆட்டக்காரரின் எண். நான் மறுத்தது, புள்ளியின் எண். எண்ணைச் சொல்வது பலகையின் வேலை, சொல்லைச் சொல்வது என் வேலை என்றொரு செருக்கு எனக்கு. அதனால்தான் அன்று முழுதும் மொத்தப் புள்ளியை ஒருமுறைகூட அறிவிக்கவில்லை. பலகையைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. அந்த நான்கு புள்ளிகளும் ஆள் மாற்றும் தாளில், இரண்டு கோடுகளாக, அழகான கையெழுத்தில் உறங்கின. பலகையில் மலைக்கு ஏழு, சமவெளிக்குப் பத்து. உண்மையில் சமவெளிக்குப் பதினான்கு.

இரண்டாம் பாதியில் முனைகள் மாறின. பனி இன்னும் முன்னேறி நடுக்கோட்டைத் தொட்டது. என் கண்ணாடியை நான் துடைத்ததைக் காட்டிலும் அது மங்கியதே மிகுதி. தாளாளர் அம்மையார் பந்தலில், கம்பளிப் போர்வைக்குள், முகத்தில் ஒரு குறிப்பும் இன்றி அமர்ந்திருந்தார். நான் அவரையும் கோமதியையும் மாறி மாறிப் பார்த்தேன். கோமதி நகம் கடிப்பதை அன்றுதான் கண்டேன்.

நான்காம் நிமிடத்தில் எங்கள் சுகன்யா பனிக்குள் ஓடி மறைந்தாள். ஓசையே இல்லை. பிறகு ஊதல் ஒலித்தது.

"முயற்சி! மலையின் முயற்சி! முயற்சியோ முயற்சி!" என்று நாற்காலியை விட்டு எழுந்தேன். இம்முறை கூட்டத்துக்குச் சொல் பழகியிருந்தது. "முயற்சீய்ய்ய்!" என்று ஒண்டிக்கடை வணிகர்கள் கூவினர். என் வாழ்நாளில் நான் ஆக்கிய சொல்லொன்றை ஆயிரம்பேர் கத்திக் கேட்டது அந்த ஒருமுறைதான். உதை தவறியது, அது குறித்து எவரும் வருந்தவில்லை. பலகையில் பன்னிரண்டு, பத்து. மலை முன்னிலை!

இறுதி மணித்துளிகளில் சமவெளி அணி எங்கள் எல்லைக் கோட்டை நெருங்கிவிட்டது. பலகைக்கு நேர் எதிரே ஒரே நெரிசல். சேறும் கைகளும் சடைகளும் தெரிந்தன, பந்து தெரியவில்லை. நேரம் முடிந்ததாகச் சங்கு ஊதியது. ஆனால் இவ்வாட்டத்தில் பந்து வெளியே போகும்வரை ஆட்டம் முடியாது. அந்த நெரிசலிலிருந்து நந்தினி பந்தைப் பிடுங்கிக்கொண்டு வெளிப்பட்டாள். அவள் வலப்புறத்தே சுகன்யா. சுகன்யாவுக்கு முன்னே புல், பனி, வெறும் திடல். தடுக்க ஓர் ஆள் இல்லை.

"அக்கா! இங்க! இங்க குடு!" என்று சுகன்யா அலறினாள்.

நந்தினி பலகையைப் பார்த்தாள். கோமதியும் பார்த்தார்.

"ஓடாத கண்ணு! வெளிய ஒதைச்சுரு! ஜெயிச்சாச்சு, ஒதைச்சுரு!"

நந்தினி உதைத்தாள். பந்து வேலியைத் தாண்டிச் சாலையில் விழுந்து, நின்றிருந்த பேருந்தின் அடியில் உருண்டது. நடுவர் நீண்ட ஊதல் ஊதினார்.

எங்கள் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அழுதனர், சிரித்தனர். வியப்பு என்னவெனில், சமவெளிப் பெண்களும் அவ்வாறே ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்துக்கொண்டிருந்தனர். தோல்வியை இத்துணைப் பெருந்தன்மையோடு ஏற்கும் அணியை நான் கண்டதில்லை என்று எண்ணி, அதையும் ஒலிபெருக்கியில் சொல்லிப் பாராட்டினேன். "மலை மகளிர் வாகை சூடினர்!" என்று முடித்தேன். கூட்டம் அதிர்ந்தது. கோமதி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தரையில் அமர்ந்துவிட்டார்.

நடுவர் குறிப்பேட்டோடு மேடைக்கு வந்தார்.

"சார், தப்பா சொல்லிட்டீங்க. பதினாலு, பன்னெண்டு. சமவெளிதான் ஜெயிச்சாங்க."

"பலகையில் பத்து என்றல்லவா இருக்கிறது?"

"போர்டு எனக்குத் தெரியாதுங்க. ரெண்டு ட்ரை, ரெண்டு கன்வர்ஷன். பதினாலு."

அதற்குள் பழனிச்சாமியும் தாளோடு வந்து நின்றார். "கன்வர்ஷன் எங்கீங்க நடந்துச்சு? ஐயா சொல்லவே இல்லீங்களே. முயற்சி ரெண்டு சொன்னாரு, அஞ்சும் அஞ்சும் பத்து போட்டேன். மாத்தம் ரெண்டு சொன்னாரு, ஆள் மாத்துற தாளுல ஏத்திட்டேன். இதோ பாருங்க, என் மேல தப்பிருந்தாச் சொல்லுங்க."

அந்தத் தாளைப் பார்த்தேன். 'சமவெளி: மாத்தம் 1, மாத்தம் 2.' எதிரே 'நெம்பர் இல்லை' என்று சிவப்பு மையில் குறிப்பு.

"பழனிச்சாமி," என்றேன், "மாற்றம் என்றால் ஆளை மாற்றுவதன்று. இரண்டு புள்ளி."

"அட சாமி! அதை மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா?"

இவ்வுரையாடல் எங்களுக்குள் நடந்ததென்றே நான் கருதியிருந்தேன். திடல் முழுதும் அமைதியாகி எல்லோரும் என்னையே நோக்குவதைக் கண்ட பின்னரே, ஒலிவாங்கியை அணைக்கவில்லை என்பது புலப்பட்டது. ஒண்டிக்கடைவரை ஒரு சொல் விடாமல் போய்ச் சேர்ந்திருந்தது.

மேடையிலிருந்து எங்கள் அணியின் இருக்கைவரை நூற்றைம்பது அடி இருக்கும். அவ்வளவு நீண்ட தொலைவை நான் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. பெண்கள் சேற்றோடு புல்லில் கிடந்தனர். சுகன்யா குப்புறப் படுத்திருந்தாள். நந்தினி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஐயா, மாத்தம்னா ரெண்டுங்களா?"

"ஆம் அம்மா."

"அப்ப நாங்க முயற்சி பண்ணுனோம். நீங்க மாத்திப் போட்டுட்டீங்க."

குப்புறக் கிடந்த சுகன்யாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டுமிருந்தாள். கோமதி என் பக்கமே திரும்பவில்லை.

பந்தலுக்குச் சென்று தாளாளர் அம்மையார்முன் நின்றேன். "அம்மையீர், பிழை முற்றும் என்னுடையது. பிள்ளைகளையோ பயிற்சியாளரையோ தண்டிக்க வேண்டா" என்றேன். அவர் எழுந்து, போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, நேரே கோமதியிடம் போனார்.

"ஏம்மா, அந்தப் புள்ளை ஒதைக்காம, அந்த இன்னொருத்தி கையில குடுத்திருந்தா?"

"அவளைப் புடிக்க ஆளே இல்லீங்க, மேடம். அஞ்சு வந்திருக்கும். பதினேழு, பதினாலு."

"நெசமாவா?"

"நெசமாங்க."

அம்மையார் திடலைப் பார்த்தார். அந்நேரம் எனக்குள் நடந்ததை எழுத எந்த மொழியிலும் எனக்குச் சொல் இல்லை.

"தோத்தது தோத்ததுதான். ஆனா ஜெயிக்கிற டீமைக் கலைக்க எனக்கு மனசு வரல. அடுத்த வருசமும் ஆடட்டும்" என்றார். பெண்கள் எழுந்து நின்றுவிட்டனர். அம்மையார் அப்போதுதான் என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "ஒண்ணே ஒண்ணுங்க. மேட்ச் நடக்குறப்ப ஐயா ஊட்டுலயே இருக்கோணும்."

வாய்ச்சொல் என்று நான் எண்ணியது தவறு. அணிக்கு ஆண்டுதோறும் பள்ளி வழங்கும் இசைவுக் கடிதத்தில் அது கடைசி வரியாக அச்சாகி வருகிறது. அதன்பின் அவர்கள் நான்கைந்து ஆட்டங்கள் வென்றுவிட்டனர். ஒன்றையும் நான் கண்டதில்லை. உள்ளூரில் ஆட்டம் நடக்கும் நாள்களில் சன்னலைத் திறந்துவைத்து அமர்ந்திருப்பேன். "ட்ரை!" என்று காற்றில் வரும். நானும் மெல்ல, எவருக்கும் கேட்காமல், அதையே சொல்லிக்கொள்வேன்.

கோமதி பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை சமையலறையில் எரிகாற்று உருளையை மாற்றிக்கொண்டிருந்த என் மகன், "மாத்தியாச்சு" என்று குரல் கொடுத்தான். "ரெண்டு!" என்றாள் என் மனைவி. கோமதி சிரித்துவிட்டார். அன்று தொடங்கிய வழக்கம். தலையணை உறை மாற்றினாலும், சேலத்தில் பேருந்து மாறினாலும், மருத்துவர் என் மாத்திரையை மாற்றி எழுதினாலும், எங்கள் வீட்டில் எவரேனும் ஒருவர் "ரெண்டு!" என்பார். சென்ற மாதம் அம்மருத்துவரே சொன்னார்.

நிகழ்ந்தது இவ்வளவே. ஆட்ட விதிகளிலோ புள்ளிக் கணக்கிலோ சொல்லாட்சியிலோ பிழை காணும் அன்பர்கள் தவறாமல் எழுதியறிவிக்க வேண்டுகிறேன், நன்றியோடு திருத்திக்கொள்வேன். ஆனால் கடிதத்தின் தலைப்பில் 'திருத்தம்' என்றே குறிப்பிடுங்கள். 'மாற்றம்' என்று எழுதிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அஞ்சலை வாங்குபவள் என் மனைவி.